ஏழைகளின் வக்கீல் ரோசாப்பூ துரை

குருமடத்தில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் மதுரைப் பக்கத்துக்காரர். விடுமுறை நாட்களில் ஒருமுறை அவருடன் அவர் ஊருக்குச் சென்றிருந்தேன். உசிலம்பட்டியைத் தாண்டிய சிற்றூர் அது. வீட்டுத் திண்ணையில் நரைத்த முறுக்கு மீசையோடு பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். நண்பரின் பெரியப்பா. ஊரார் அவரை ரோசாப்பூ என்று அழைத்தார்கள். இப்படிப்பட்ட ஆளுக்கு இப்படி ஒரு பெயரா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டப்பெயரோ என்று கேட்டுவிட்டேன். பெரியவர் முகம் மாறியது. அது தம் தகப்பனார் ஆசையோடு வைத்த பெயர் என்றும், தங்கள் சனத்துக்காகக் கோர்ட்டில் நின்ற ஒரு வக்கீலின் பெயர் என்றும், அந்த வக்கீல் ஒரு கிறிஸ்தவர் என்றும் சொன்னார். சாமியாருக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது தெரியாதா என்று வியந்தார். நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

அன்று தொடங்கி அந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். அவர் பெயர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். சவ்வாது மலையில் உள்ள நம் பங்கின் பொன்விழா மலரில் மதுரையில் வாழ்ந்து மறைந்த ஒரு வக்கீலுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். அவருடைய வாழ்க்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். படித்து முடிக்கும்போது அந்தக் கேள்விக்கு விடை தானே கிடைத்துவிடும்.

பிறப்பும் படிப்பும்

ஜார்ஜ் ஜோசப் 1887ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் செங்கன்னூரில் பிறந்தார். பழமையான சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். பெற்றோருக்கு மூத்த பிள்ளை. பிற்காலத்தில் இந்தியா முழுவதும் பேர்பெற்ற பத்திரிகை ஆசிரியராக விளங்கிய போத்தன் ஜோசப் இவருடைய தம்பிதான்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். நம் மலையில் வாழும் மக்களை அரசாங்கப் பதிவேடு மலையாளி என்று குறிக்கிறது. மலையை ஆள்கிறவர் என்பது நம்மவர் சொல்லும் பொருள். கீழ்நாட்டில் சாதிச் சான்றிதழைக் காட்டினால், நீங்கள் கேரளமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஜோசப் அந்தக் கேரளத்து மலையாளி. ஆனால் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தமிழ் மண்ணில், தமிழ் ஏழைகளுக்காகச் செலவிட்டவர்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றபின் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்று எம்.ஏ. பட்டம் பெற்றார். பின் லண்டனில் சட்டம் பயின்று 1908இல் பாரிஸ்டர் ஆனார். 1909இல் தாய்நாடு திரும்பினார். சிறிது காலம் சென்னையில் தொழில் பார்த்தபின் மதுரைக்கு வந்து குடியேறினார். சீமைக்குப் போய் வந்த பாரிஸ்டர் என்றால் அந்நாளில் பெரிய மதிப்பு. வீடு, வண்டி, ஆள் அம்பு என்று வாழ்வதற்கு எல்லா வழியும் திறந்திருந்தது. ஜமீன்தார்களின் சொத்து வழக்குகளை நடத்திக்கொண்டே அவர் ஆயுளைக் கழித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

தீர்ப்புக்குப் பின் வந்த வழக்கு

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களில் பிறமலைக் கள்ளர் என்னும் மக்கள் வாழ்கிறார்கள். வானம் பார்த்த பூமி. ஊர்க்காவல் பார்த்துக் கூலி பெறுவது அவர்களின் பழைய வழக்கம். ஆங்கிலேயர் ஆட்சியில் அந்தக் காவல்முறை ஒழிக்கப்பட்டது. பிழைக்க வழியற்றவர்களில் சிலர் களவில் இறங்கியதும் உண்டு. எந்தச் சமூகத்தில்தான் களவு இல்லை? ஆனால் அரசாங்கம் செய்தது என்ன? களவு செய்தவனைப் பிடித்துத் தண்டிப்பதோடு நிற்கவில்லை. ஒரு சாதி முழுவதையுமே குற்றவாளி என்று எழுதி வைத்தது.

இதற்கென்று ஒரு சட்டமே இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். 1871இல் முதலில் வட இந்தியாவில் வந்தது. 1911இல் திருத்தி விரிவாக்கப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. மதுரைக்கு அருகில் கீழக்குடியில் 1914இல் இதை நடைமுறைப்படுத்தத் தொடங்கிச் சிறிது சிறிதாகப் பிறமலைக் கள்ளர் அனைவர் மீதும் விரித்தார்கள்.

அச்சட்டம் எப்படி வேலை செய்தது என்பதை நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரை என்று அரசாங்கம் அறிவித்துவிடும். அந்த அறிவிப்பு வந்தபின் அக்கூட்டத்து ஆண்கள் காவல் அதிகாரிகளிடம் போய்க் கைரேகை பதிக்கவேண்டும். அதனால்தான் மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். இரவில் வீட்டில் மனைவி மக்களோடு உறங்க முடியாது. குறித்த இடத்தில் போய் ஆஜர் கொடுத்து, போலீசாரின் கண்முன்னே படுத்திருக்க வேண்டும். வெளியூரில் கல்யாணம், கருமாதி எதுவானாலும் அனுமதிச் சீட்டு வாங்காமல் போகமுடியாது. திருடியவனுக்கும் இதே கதி, ஒரு நாளும் பிறர் பொருளைத் தொட்டறியாத உழவனுக்கும் இதே கதி. தாய் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் பெயர் ஏற்கனவே எழுதப்பட்டாயிற்று.

இன்னும் ஒன்று. இந்தக் கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்தது சரியா தவறா என்று கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் கிடையாது என்று அச்சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். கொலை செய்தவனுக்கும் விசாரணை உண்டு. சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, மேல்முறையீடு உண்டு. இவர்களுக்கு மட்டும் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு. இதைவிட ஒரு வக்கீலின் கைகளைக் கட்டிப்போடும் வழி உண்டா?

அந்த மக்களின் பக்கம்தான் ஜோசப் போய் நின்றார். சட்டத்தின் பெரிய கதவு சாத்தியிருந்ததால் சிறு வாசல்கள் வழியே நுழைந்தார். அச்சட்டத்தின் பெயரால் அலைக்கழிக்கப்பட்டவர்களுக்காக நீதிமன்றத்தில் வழக்காடினார். பத்திரிகைகளில் கட்டுரைகள் எழுதினார். ஆங்கிலம் படித்த உலகத்துக்கு இப்படி ஒரு கொடுமை நடக்கிறது என்பதை அவர்களுக்குப் புரிந்த மொழியில் எடுத்துச் சொன்னார்.

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டி வட்டாரத்தில் உள்ள பெருங்காமநல்லூரில் ரேகை பதிக்க மறுத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள். போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். மாயக்காள் என்ற பெண்மணி உட்பட 16 பேர் மாண்டார்கள். பெருவிரலில் மை தடவ மறுத்ததற்கு உயிரே விலையாயிற்று. அந்த ஊரில் இன்று அவர்களுக்கு நினைவுத்தூண் நிற்கிறது.

ஜோசப்பின் கோட்டில் எப்போதும் ஒரு ரோசாப்பூ செருகியிருக்குமாம். அந்த மக்களுக்கு ஜார்ஜ் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. தங்களை மனிதராக மதித்துப் பேசிய அந்தக் கோட்டுக்காரரை ரோசாப்பூ துரை என்றார்கள். துரை என்பது அதுவரை வெள்ளைக்கார அதிகாரியைப் பயந்து அழைத்த சொல். அதே சொல்லை அன்பினால் ஒருவருக்குச் சூட்டினார்கள். ஆண் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். அப்படிப் பெயர் பெற்றவர்களில் ஒருவரைத்தான் நான் திண்ணையில் பார்த்துச் சிரித்தேன்.

ஆலைத் தொழிலாளரும் தேசத் தொண்டும்

மதுரையில் அந்நாளில் ஹார்வி மில் மிகப் பெரிய நூற்பாலை. விடிவதற்கு முன் உள்ளே போய் இருட்டியபின் வெளியே வரும் தொழிலாளர்களுக்குச் சங்கம் என்ற சொல்லே புதிது. 1918இல் ஜோசப் அவர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். தொடக்கத்தில் கூலி உயர்வும் வேலைநேரக் குறைப்பும் கிடைத்தன. பின்னர் முதலாளிகளும் அரசாங்கமும் சேர்ந்து அச்சங்கத்தை நெருக்கி ஒடுக்கினார்கள். ஆயினும் மதுரையில் தொழிற்சங்கத்துக்கு வித்திட்டவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

அன்னி பெசன்ட் அம்மையாரின் சுயாட்சி இயக்கத்திலும் அவர் ஈடுபட்டிருந்தார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், இந்தியாவின் சுயாட்சிக் கோரிக்கையை இங்கிலாந்து மக்களிடம் எடுத்துரைக்க அனுப்பப்பட்ட குழுவில் ஒருவராகக் கப்பலேறினார். ஜிப்ரால்டர் துறைமுகத்தில் அக்குழுவினரை ஆங்கில அரசு தடுத்து நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டது.

1918இல் டாக்டர் வரதராஜுலு நாயுடு மதுரையில் பேசிய பேச்சுக்காக வழக்குத் தொடுக்கப்பட்டபோது, அவருக்காக ராஜாஜி வாதாடினார். அவருக்குத் துணையாக நின்றவர் ஜோசப். 1919 மார்ச் மாதம் காந்தியடிகள் முதன்முறையாக மதுரைக்கு வந்தபோது தங்கியது ஜோசப்பின் இல்லத்தில்தான். ரௌலட் சட்டத்தை எதிர்த்து மதுரையில் கூட்டங்களும் கடையடைப்பும் உண்ணாநோன்பும் நடத்துவதற்கு அவரே முன்னின்றார். விசாரணையில்லாமல் மனிதரைச் சிறையில் அடைக்க இடம்தந்த சட்டம் அது. விசாரணையில்லாத தண்டனை என்றால் என்னவென்று கள்ளர் நாட்டில் கண்கூடாகக் கண்டவருக்கு, அதை எதிர்ப்பதற்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோட்டைக் கழற்றி வைத்தார்

காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கி, வக்கீல்கள் நீதிமன்றங்களை விட்டு வெளியே வரவேண்டும் என்று கேட்டபோது, ஜோசப் செழிப்பான தம் தொழிலை விட்டார். மனைவி சூசன்னாவும் இந்தத் தியாகத்தில் பங்கேற்றார். ஜோசப் மதுரையை விட்டு அலகாபாத்துக்குச் சென்று, மோதிலால் நேரு நடத்திய இண்டிபென்டென்ட் என்னும் நாளிதழுக்கு ஆசிரியரானார். 1921 டிசம்பரில் கைது செய்யப்பட்டார். அவருக்குப் பின் மகாதேவ தேசாய் அந்தப் பத்திரிகையைக் கையெழுத்துப் பிரதியாகவே நடத்தி, அவரும் சிறை சென்றார். லக்னோ சிறையில் ஜவாஹர்லால் நேரு, மகாதேவ தேசாய், புருஷோத்தம தாஸ் தாண்டன், தேவதாஸ் காந்தி ஆகியோரோடு ஜோசப்பும் இருந்தார்.

விடுதலையானபின் 1923இல் காந்தியடிகளின் யங் இந்தியா வார இதழுக்கு ஆசிரியப் பொறுப்பு ஏற்றார். அப்போது காந்தியடிகள் சிறையில் இருந்தார். தம் பெயரால் நடக்கும் இதழை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது என்றால் அந்தக் கையின் மீது எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்!

வைக்கம் தெருவில்

அத்தகைய குருவோடும் அவர் மாறுபட நேர்ந்தது. அதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

திருவிதாங்கூரில் வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் ஈழவர், புலையர் முதலிய மக்கள் நடக்கக்கூடாது என்று தடை இருந்தது. கோயிலுக்குள் போவது ஒருபுறம் இருக்கட்டும், கோயில் மதிலுக்கு வெளியே உள்ள தெருவில் நடப்பதற்கே தடை! நாயும் மாடும் நடக்கலாம், மனிதன் நடக்கக்கூடாது. இதை எதிர்த்து 1924 மார்ச் 30ஆம் நாள் சத்தியாக்கிரகம் தொடங்கியது. டி.கே. மாதவன், கே.பி. கேசவ மேனன் ஆகிய தலைவர்கள் கைதானபின் பொறுப்பை ஏற்றவர் ஜோசப்.

கோயில் தொடர்பான இந்தப் பாவத்துக்கு இந்துக்களே பரிகாரம் தேட வேண்டும், கிறிஸ்தவரான ஜோசப் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. அவ்வாறே கடிதம் எழுதினார். ஜோசப் இதை வேறு விதமாகப் பார்த்தார். அவர் கண்ணுக்கு இது ஒரு மதத்தாரின் வழிபாட்டு விவகாரமாகத் தோன்றவில்லை. பொதுச்சாலையில் நடப்பது ஒவ்வொரு குடிமகனின் உரிமை. அந்த உரிமை மறுக்கப்படும் இடத்தில் நிற்பவன் கிறிஸ்தவனா இந்துவா என்று பார்க்கத் தேவையில்லை. அவர் ஒதுங்கவில்லை. ஏப்ரல் 11ஆம் நாள் கைதாகிச் சிறை சென்றார். தலைவர்கள் எல்லோரும் சிறைப்பட்ட அந்நிலையில் தமிழ்நாட்டிலிருந்து ஈ.வெ.ராமசாமிப் பெரியாரை வரும்படி அழைத்தவர்களுள் ஜோசப்பும் ஒருவர். பெரியார் வந்து அப்போராட்டத்துக்குப் புத்துயிர் கொடுத்ததை நாம் அறிவோம்.

1925 நவம்பரில் சத்தியாக்கிரகம் முடிவுக்கு வந்தபோது கோயிலைச் சுற்றிய மூன்று பக்கச் சாலைகள் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. கிழக்குச் சாலை மட்டும் மூடியே இருந்தது. 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டபோது, சாலை என்ன, கோயிலே திறந்தது. தடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று அதே தெருவில் நடக்கிறார்கள்.

யார் சொன்னது சரி, காந்தியடிகளா ஜோசப்பா? இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஒன்று மட்டும் சொல்வேன். தாம் உயிராக மதித்த தலைவர் சொன்னபோதும், தம் மனச்சான்று காட்டிய இடத்தை விட்டு ஜோசப் நகரவில்லை. அதற்கு மனவுறுதி வேண்டும். அடியடியாகச் சிறைக்குப் போவதைவிட இது கடினம்.

மீண்டும் நீதிமன்றம்

1925இல் மதுரைக்குத் திரும்பி மறுபடியும் வக்கீல் தொழிலை மேற்கொண்டார். அவரை விட்டு அவருடைய மக்கள் போகவில்லை. கள்ளர் நாட்டு வழக்குகள் மறுபடி அவர் படியேறி வந்தன.

1933இல் ஒரு முக்கியமான வழக்கு. விருதுநகரிலும் திருவில்லிபுத்தூரிலும் குண்டு வெடித்ததாக ஒரு சதி வழக்கு. அதில் விருதுநகர் இளைஞர் ஒருவரையும் சேர்த்திருந்தார்கள். அந்த இளைஞரைப் பெரியவர்கள் பலர் அறியவும் மாட்டார்கள். அவர் பக்கம் ஜோசப்பும், முன்னொரு நாள் ஜோசப்பின் துணையைப் பெற்ற அதே வரதராஜுலு நாயுடுவும் நின்றார்கள். வழக்கு ஆதாரமற்றது என்று நிலைநாட்டப்பட்டு அந்த இளைஞர் விடுதலை பெற்றார். அவர் பெயர் காமராஜ். அன்று அவர் தண்டிக்கப்பட்டிருந்தால், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்து ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்து, பசித்த பிள்ளைகளுக்கு மதிய உணவும் தந்த அந்த மனிதரை நாடு இழந்திருக்குமோ என்னவோ! ஒரு வக்கீல் ஒரு வழக்கில் ஒருவரைக் காக்கும்போது, அந்த ஒருவருக்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்பது கடவுளுக்கே தெரியும்.

1937 ஜூலையில் ஜோசப் டெல்லி மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் உடல்நலம் இடந்தரவில்லை. சிறுநீரக நோயால் வாடி, 1938ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் மதுரை அமெரிக்க மிஷன் மருத்துவமனையில் இறைவனடி சேர்ந்தார். ஐம்பத்தோராவது பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மதுரை கீழவாசல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் காணாத வெற்றி

அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அவர் கண் மூடியபோது குற்றப் பரம்பரைச் சட்டம் அப்படியே இருந்தது. அவர் அமைத்த தொழிற்சங்கம் ஒடுக்கப்பட்டிருந்தது. நாடு விடுதலை பெறவில்லை. உலகத்தார் கணக்கில் பார்த்தால், வருமானத்தையும் உடல்நலத்தையும் இழந்து, எடுத்த பெரிய வழக்கில் தீர்ப்பைக் காணாமலே போய்விட்ட ஒரு வக்கீல்.

சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது 1947இல். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின். இந்தியா முழுவதும் 1952 ஆகஸ்ட் 31ஆம் நாள் அச்சட்டத்தின் பிடியிலிருந்து மக்கள் விடுபட்டார்கள். அப்படி விடுபட்ட சமூகத்தாரைத் தமிழ்நாட்டில் சீர்மரபினர் என்று அழைக்கிறோம். ஜோசப்பைப் போல் எழுதியவர்களும் பேசியவர்களும் வழக்காடியவர்களும் எத்தனையோ பேர். பெருங்காமநல்லூரில் உயிர் கொடுத்தவர்களும் உண்டு. எல்லோருடைய உழைப்பும் சேர்ந்துதான் அந்தச் சட்டத்தை வீழ்த்தியது. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

ஆனால் வென்றது கண்ட பிறகுதான் நன்றி சொல்வோம் என்று கள்ளர் நாட்டு மக்கள் காத்திருக்கவில்லை. தங்களோடு நின்றதற்காகவே அவரைக் கொண்டாடினார்கள். அவர் நினைவு நாளில் கல்லறைக்கு வந்து அஞ்சலி செலுத்தும் வழக்கம் தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கிறது. கல்லறையில் சிலுவை இருக்கிறது, வந்து வணங்குபவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். அவர் அவர்களிடம் மதம் கேட்டதில்லை. அவர்களும் கேட்கவில்லை.

வள்ளல் என்றால் அன்னசத்திரம் கட்டியவரையும் கோயிலுக்கு நிலம் எழுதி வைத்தவரையுமே நாம் நினைக்கிறோம். அவை நல்லவையே. ஜோசப் அப்படிக் கட்டிய சத்திரம் எதையும் நான் காட்ட முடியாது. படித்த படிப்பையும் பேசும் திறமையையும் தம் நற்பெயரையும் அவர் தானமாகக் கொடுத்தார். மதிப்பில்லாதவன் என்று ஊர் ஒதுக்கியவனின் அருகில், ஊர் மதிக்கும் ஒருவர் போய் நிற்கும்போது, தம் மதிப்பில் பாதியை அவனுக்குக் கொடுத்துவிடுகிறார். இதைவிடப் பெரிய தர்மம் எனக்குத் தெரியவில்லை.

நம் மலைக்கு என்ன?

இனி முதலில் எழுந்த கேள்விக்கு வருகிறேன்.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாளை நம் மலை மறக்காது. ஆந்திர மாநிலம் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழ்நாட்டுக் கூலியாட்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நம் சவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். சாமையும் தினையும் விளைந்து கை கொடுக்காத ஆண்டில், கூலிக்கு ஆள் பிடிக்கும் தரகன் சொன்ன தொகையை நம்பிப் போனவர்கள் அநேகர். மரம் யாருக்காக வெட்டப்பட்டதோ அந்தப் பெரிய மனிதர்கள் காட்டுக்குள் வருவதில்லை. குண்டு அவர்கள் மீது பாய்வதும் இல்லை.

சட்டவிரோதமாக மரம் வெட்டுவது சரியென்று நான் சொல்லவில்லை. பூசைப் பிரசங்கத்தில் பலமுறை எச்சரித்திருக்கிறேன், இப்போதும் எச்சரிக்கிறேன். ஆனால் குற்றம் செய்தவனுக்கும் விசாரணை உண்டு என்பதுதான் நீதி. செய்யாதவனையும் அவன் ஊர்ப் பெயரைக் கேட்டே குற்றவாளி என்று முடிவு கட்டுவது, ரேகைச் சட்டத்தின் நிழல் இன்னும் போகவில்லை என்பதையே காட்டுகிறது. கட்டட வேலைக்குப் போன நம் பங்கு இளைஞன் ஒருவன், சவ்வாது மலை என்று சொன்ன மாத்திரத்தில் தங்க அறை கிடைக்காமல் பேருந்து நிலையத்தில் இரவைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்தான். அவன் கைரேகையை யாரும் பதியவில்லைதான். ஆனாலும் அவன் பெயர் எங்கோ எழுதப்பட்டிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தாய் முந்தானையில் முடிந்திருந்த காகிதம் ஒன்றை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். அடுத்த மாநில நீதிமன்றத்திலிருந்து வந்த சம்மன். அந்த எழுத்து அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மகன் எந்தச் சிறையில் இருக்கிறான் என்பதை அறியவே எங்களுக்கு இருபது நாட்கள் ஆயின. ஒரு வக்கீலைத் தேடி நான் ஏறி இறங்கிய படிகளை எண்ணினால் மலைப்பாதை வளைவுகளைவிட அதிகம் இருக்கும். கடைசியில் ஒருவர் கிடைத்தார். அவர் வழக்கறிஞராகி மூன்று ஆண்டுகளே ஆன இளைஞர். மகன் ஜாமீனில் வந்தான். அந்தத் தாய் அவருக்கு ஒரு படி சாமை அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்ட விதத்தில் எனக்கு ரோசாப்பூ துரையின் நினைவு வந்தது.

நம் மக்களுக்கு ஒன்றை இங்கே தெரிவிக்க விரும்புகிறேன். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பழங்குடி மக்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. பெண்களுக்கும், காவலில் வைக்கப்பட்டவர்களுக்கும் அப்படியே. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். அங்கே மனுக் கொடுத்தால் வழக்கறிஞரை நியமிப்பார்கள். தரகனிடம் கடன் வாங்கி வக்கீல் வைக்கத் தேவையில்லை. ஜோசப் காலத்து மக்களுக்கு இல்லாத உரிமை இது. அதைப் பயன்படுத்தத் தெரியாமல் நாம் இழந்துவிடக்கூடாது.

இந்தப் பொன்விழாவுக்காக ஐம்பது ஆண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தேன். நம் பங்கிலிருந்து ஆசிரியர்கள் வந்திருக்கிறார்கள், செவிலியர்கள் வந்திருக்கிறார்கள், கன்னியர் இருவர் வந்திருக்கிறார்கள். மலையில் பிறந்து கறுப்புக் கோட்டு அணிந்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே பங்குப் பேரவையில் கலந்து பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இவ்வாண்டு விழாக் காணிக்கையில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி, நம் பிள்ளைகளில் ஆணோ பெண்ணோ ஒருவர் சட்டம் படிக்க உதவுவோம். கோயில் கோபுரத்துக்கு வண்ணம் பூசுவதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். படித்து முடித்தபின் அந்தப் பிள்ளை மலைக்குத் திரும்பி வர வேண்டும் என்பது மட்டுமே நாம் கேட்கும் வட்டி.

ஏழைகளின் வழக்குகளை ஏற்று நடத்தி, வழக்கறிஞர்களின் பாதுகாவலராக விளங்கும் புனித ஈவோவின் திருநாள் மே 19. அன்று அந்தப் பிள்ளைக்காகவும், சிறையில் இருக்கும் நம் சகோதரர்களுக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படும். மார்ச் 5ஆம் நாள் பூசையில் ஜார்ஜ் ஜோசப் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம். அன்று பீடத்தில் வைக்க யார் வீட்டிலாவது ரோசாச் செடி பூத்திருந்தால் ஒரு பூ கொண்டு வாருங்கள்.

இறையருள் உங்கள் அனைவரோடும் இருப்பதாக!